கடதாசியில் பார்த்த மலை

சுவிட்சர்லாந்தில், எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசைகளில் தட்டெடுக்கிறேன். அங்கிருந்து ரயிலில் அரை மணியில் போகக்கூடிய மலை உச்சிக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் தொலைபேசியில் கேட்பவர்களுக்கெல்லாம், "ஓம், போயிருக்கிறன்" என்றே சொல்லிவந்தேன்.

கனடாவிலிருந்து என் மனைவியின் தம்பி தன் மனைவியோடு வந்தான். "அத்தான், நீங்கள்தான் காட்ட வேணும்" என்றான். பயந்துகொண்டே கூட்டிப்போனேன். உச்சியில் ஒரே பனிமூட்டம். எனக்குப் பெரிய நிம்மதி. ஹோட்டலில் தட்டுக்குக் கீழே விரிக்கும் கடதாசியில் அந்த மலைகளின் படம் இருக்கும். அதை நினைத்துக்கொண்டு, "இடப்பக்கம் பனியாறு, வலப்பக்கம் பெரிய மலை" என்று கையை நீட்டினேன். மச்சான் மூட்டத்தைப் பக்தியோடு படமெடுத்தான்.

சற்று நேரத்தில் மூட்டம் விலகியது. பனியாறு வலப்பக்கமும் பெரிய மலை இடப்பக்கமுமாக நின்றன. சாப்பிடுபவருக்கு எதிரே நின்று தட்டெடுப்பவன் நான். அந்தக் கடதாசியை எப்போதும் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"அத்தான், மலை இடம்மாறி நிக்குதோ?" என்றான் மச்சான்.

அவன் மனைவி சிரிக்காமல் கேட்டாள்: "அண்ணை, முந்தி எப்ப வந்தனீங்கள்?"

"இண்டைக்குத்தான்" என்றேன்.

"அப்ப முன்னுக்கு வாங்கோ" என்று என்னை வேலியோரம் நிறுத்திப் படமெடுத்தாள். அந்தப் படத்திலும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.