என் பேரில் நடந்த அன்னதானம்

மூத்த பிள்ளையார் துணை. பனிமலை மேல் வந்தமர்ந்து, வெந்த நெஞ்சுக்குத் தண்ணிழலாய் நிற்கும் வேலவன் பொற்பாதம் போற்றி. தைப்பூச நன்னாளாகிய இன்று, விளக்கேற்றி வைத்து அடியார்களுக்கு இதை எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நுவரெலியாவில் துரைமார் தங்கும் ஒரு ஹோட்டலில் மேசைப் பரிசாரகனாக இருந்தேன். சித்திரை மாதம் அங்கே சீசன். கொழும்பிலிருந்து கூட்டம் வரும். எங்களுக்கு லீவு கிடையாது. அந்தச் சீசனில்தான் என் ஒரே மகள் காய்ச்சலில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாளே வெள்ளைக் கோட்டு அணிந்து, சிரித்த முகத்தோடு பரிமாறினேன். முகம் சொன்னபடி கேட்டது. கை கேட்கவில்லை; நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் சூடான சூப்பை ஒரு துரைசாணியின் மடியில் கொட்டிவிட்டேன். கை சரியானால் வா என்று மனேஜர் அனுப்பிவிட்டார்.

ஆனி மழை பிடித்தது. சீசன் முடிந்த ஊரில் வேறு வேலை இல்லை. அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. யாரிடமும் கையேந்த விடாதே முருகா என்று பதிகம் பாடி வேண்டுவேன். பாட்டு பாதியில் நின்றுவிடும். இனி வாழ்வதே எதற்கு என்றும் தோன்றியது. கூட வேலை செய்தவர்கள் வாசலில் வந்து நின்றால், எல்லாம் சுகம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி சிவகாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குப் பசிக்குதுங்க. கோயில்ல கேக்காமலே போடுவாங்க. வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாள்.

போனேன். அங்கே குருக்கள் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். யார் செய்விப்பது என்று அருகில் நின்றவரிடம் விசாரித்தேன்.

எங்கள் ஹோட்டல் குசினியில் ஒரு வழக்கம் உண்டு. வேலையாட்களின் சோற்றுக்கு உலை வைக்கும்போதெல்லாம் ஒருபிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பார்கள். நான் போன பிறகு ஆளுக்கொரு பிடி கூட்டி, என் கை குணமாக வேண்டி அன்னதானம் நடத்தி வந்தார்களாம். வீட்டுக்குக் கொடுத்தால் நான் கோபிப்பேன் என்று ஆண்டவனிடமே கொடுத்துவிட்டார்களாம்.

தலைமைச் சமையற்காரர் பெருமாள் அண்ணன் கரண்டியோடு என் முன்னே வந்து நின்றார். "வெள்ளிக்கு வெள்ளி ஒம் பேருல ஊரே சாப்பிடுது. நீ மட்டுந்தான்யா பட்டினி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிவகாமி சிரித்துவிட்டாள். மகள் போனபின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

பந்தியில் அமர்ந்தோம். கடை முதலாளியும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரே வரிசை. சோற்றைப் பிசைகையில் கை நடுங்கியது, மறைக்கவில்லை. பெருமாள் அண்ணன் அருகில் குந்தி, "குசினிக்கு வந்திரு. மாவு சலிக்க இந்தக் கைதான் தோது" என்றார். மனேஜரிடம் அவரே பேசி என்னைச் சேர்த்துக்கொண்டார். மாலையில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வருவார். மகளைப் பற்றி எங்களைப் பேசவிட்டுக் கேட்டிருப்பார். நாங்கள் அழுதால் எழுந்துபோக மாட்டார்.

நடுக்கம் முழுதாக நீங்கவில்லை. ஆனால் பதிகம் இப்போது பாதியில் நிற்பதில்லை. கையேந்தாத வாழ்வைக் கேட்டேன். எல்லோரும் ஏந்தும் இடத்தில் எனக்கும் ஓர் இலை போட்டான் இறைவன். இன்று இந்நகரத்து ஹோட்டல்களில் எவர் வேலை இழந்தாலும், நோயுற்றாலும், கோயில் அரிசியில் முதற்பங்கு அவர் வீட்டுக்குப் போகிறது. குருக்களே அப்படிச் சொல்லிவிட்டார்.

அடியார்களே, வேண்டுங்கள். வேண்டியபின் கதவைத் திறந்து வையுங்கள். அருள் பெரும்பாலும் மனிதர் காலால்தான் நடந்து வருகிறது. இதைப் படிப்போர் அனைவர் இல்லத்திலும் உலை கொதிக்கட்டும். துயர் கேட்க ஒரு செவி வாய்க்கட்டும். வேலவன் அருள் நிறையட்டும்.