வருஷத்துக்கு ரெண்டு தரம்

மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இளவரசி என் போனில் பேசுகிறாள். "வணக்கம் மேடம், கேஸ் ஏஜென்சியிலேர்ந்து பேசறோம். ஞாயித்துக்கிழமை அடுப்பு செக் பண்ண ஆளு வரும். வூட்ல யாருனா இருப்பாங்களா? உங்க பொண்ணு இருக்குமா, இல்ல எங்கனா போவுதா?"

இன்னும் சரியாக விடியவில்லை. திண்டிவனத்து மல்லாட்டை மண்டி வாசலில் என் லோடு வண்டியில் வேர்க்கடலை மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. மைதானத்துக்கு ஓடப் போகிற வழியில் இவள் இங்கே நின்றிருக்கிறாள். மறுமுனையில் கோட்டக்குப்பம் குல்சும் பீவி. அந்தம்மாவின் குரல் போனைத் தாண்டி மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் கேட்கிறது.

"யாரு, இளவரசியா? காலங்காத்தால எந்த கேஸ்காரன்மா போன் பண்றான்? ஃபஸீஹா ஞாயித்துக்கிழமை திருச்சி மீட்டுக்கு ஓடப் போறா. நீ நாஷ்டா பண்ணியா?"

"ராங் நம்பருங்க" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள் இளவரசி. முகத்தில் வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. போன மாதம் ரேஷன் கார்டு ஆபீஸ். அதற்கு முந்தின மாதம் பல் ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் அந்தம்மா இதே பதிலைத்தான் சொல்கிறார், நாஷ்டா உட்பட.

இளவரசிக்கு இருபத்தைந்து வயது. மயிலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை. உடம்பில் சதை என்று தேடினால் கன்னத்தில் கொஞ்சம் கிடைக்கும். மற்றதெல்லாம் எலும்பும் நரம்பும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டக்காரி. இந்த மாநிலத்தில் அந்த ஓட்டத்துக்கு இரண்டு பேர்தான் ஆள். ஒருத்தி இவள், இன்னொருத்தி ஃபஸீஹா. மூன்றாவதாக வருகிற பெண் இவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வந்து சேருவாள்.

காலையில் இவள் பயிற்சி செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். பாவாடைக் கயிறு போல இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு சுருக்குப் பை. அதில் வறுத்த மல்லாட்டை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றை வாயில் போட்டு, தோலைத் துப்பிவிட்டு அடுத்த சுற்று. எத்தனை சுற்று ஓடினாள் என்று யாராவது கேட்டால் கீழே கிடக்கிற தோலைக் காட்டுவாள். "எண்ணிக்கோங்க" என்பாள். மைதானம் கூட்டுகிறவர் இவளோடு பேசுவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது.

இவளிடம் ஒரு சட்டம் இருக்கிறது. ஃபஸீஹாவோடு வருஷத்துக்கு இரண்டே தரம்தான் ஓடுவாள். ஒன்று மாநிலப் போட்டி. இன்னொன்று, தப்பிக்க வழியே இல்லாமல் மாட்டிக்கொள்கிற ஏதாவது ஒன்று. மூன்றாவது தரம் என்ற பேச்சே கிடையாது.

"ஏன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவகூட அடிக்கடி ஓடினா அவ முதுகு எனக்கு மனப்பாடம் ஆயிடும்ணே. அப்புறம் கோட்டைப் பாத்து ஓட மாட்டேன், முதுகைப் பாத்துக்கினே ஓடுவேன்."

"நீ முன்னால போய்ட்டா?"

"அப்போ எம் முதுகு அவளுக்கு மனப்பாடம் ஆயிடும். அதுவும் பேஜாரு."

இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற அவள் படுகிற பாடு கொஞ்சமல்ல. பொம்மையார்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. போகிற வழியில் கோட்டக்குப்பம். அந்த ஊர் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஏறி, காலி சாக்குகளுக்கு நடுவில் படுத்துத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பட்டுப்புடவையோடு. "ஏம்மா, ரோட்டுல பாத்தா அதுவும் ரேஸ் கணக்கா?" என்றேன். தார்ப்பாய்க்கு உள்ளிருந்து பதில் வந்தது: "கண்ணு பாத்துக்கிச்சின்னாலே பாதி ரேஸ்ணே. நீங்க ஜல்தி போங்க."

மண்டி முதலாளி கோதண்டபாணிக்கு இந்தச் சட்டமே பிடிக்காது. இளவரசி அவரிடம்தான் எடை போடுகிற வேலை பார்க்கிறாள். அவர் மண்டிக்கு நேர் எதிரில் இன்னொரு மண்டி. அந்த மண்டிக்காரர் முகத்தில் விழித்துத்தான் தினமும் இவர் கடை திறக்கிறார். "எதிர்க்கடைக்காரன் தெனமும் எதிர்லயே குந்திக்கினு இருக்கணும்மா. அப்பத்தான் நம்ம கை சும்மா இருக்காது. அவன் ரெண்டு நாளு ஊருக்குப் போனான்னு வச்சிக்கோ, நான் மத்தியானமே தூங்கிடறேன்" என்பார். இளவரசி தராசைப் பார்த்துக்கொண்டே, "மல்லாட்டை வேற, ஓட்டம் வேற மொதலாளி" என்பாள்.

முதலாளி இவளுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார். காலை ஏலத்துக்கு வர வேண்டாம், ஓடிவிட்டு வெயில் ஏறின பிறகு வந்தால் போதும். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். இந்த வருஷம் தேசியப் போட்டிக்குப் போக வேண்டும். போனால் அவர் ஆட்டி விற்கிற கடலை எண்ணெய் டின்னில் இவள் படம். போகாவிட்டால் மற்றவர்களைப் போல விடியற்காலையிலேயே வந்து தராசடியில் நிற்க வேண்டும். காலை நேரம் போனால் பயிற்சி போச்சு. பயிற்சி போனால் இளவரசி என்பவள் மல்லாட்டை எடை போடுகிற ஒரு பெண், அவ்வளவுதான். இது அவளுக்கும் தெரியும். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவள் வாயில் இருக்கிற மல்லாட்டை மெல்லப்படாமல் அப்படியே இருக்கும்.

தேசியப் போட்டிக்குப் போக ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஓடி முடிக்க வேண்டும். இவளுக்கு இரண்டு விநாடி இடித்தது. மதுரையில் ஓடினாள், முதல் பரிசு, இரண்டு விநாடி பாக்கி. சேலத்தில் ஓடினாள், முதல் பரிசு, அதே இரண்டு விநாடி. ஃபஸீஹா இல்லாத ஊராகத் தேடித் தேடிப் போனால் முன்னாலும் ஆள் கிடையாது, பின்னாலும் ஆள் கிடையாது. கடைசிச் சுற்றில் கூட்டத்தில் தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருகிற அளவுக்கு அவளுக்கு அவகாசம் இருந்தது. எனக்கே தலையாட்டியிருக்கிறாள். கப் மேல் கப்பாக வந்து குவிந்தது. வீட்டில் அவள் அம்மா அஞ்சம்மாள் ஒரு கப்பில் உப்பும் ஒரு கப்பில் புளியும் போட்டு வைத்திருக்கிறார்.

இனித் திருச்சி விஷயம். அங்கே ஓட இளவரசி ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தாள். குல்சும் பீவி சொன்னதைக் கேட்டதும் அதை விட்டுவிட்டாள். வருஷத்தின் இரண்டு தரமும் முடிந்துபோயிருந்ததே. "ஞாயித்துக்கிழமை சும்மா குந்திக்கினு இருக்க முடியாதுண்ணே. திருவக்கரைல இளைஞர் மன்றம் ஓட்டம் வைக்கிறாங்களாம். பொம்பளைங்களுக்கு ஏரிக்குள்ள மூணு சுத்து. கிரைண்டர் தர்றாங்களாம். உடம்பு சூடு ஆறாம இருக்க அது போதும்" என்றாள். மூட்டை இறக்க எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

ஏரியில் தண்ணீர் வற்றி, தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. கரைமேல் மைக் செட். பெயர் வெளியே போய்விடக் கூடாது என்று இளவரசி முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, மைக்காரரிடம் பெயரைக் குப்பம்மாள் என்று கொடுத்தாள். "வேற பேரே கெடைக்கலியா?" என்றேன். "அவசரத்துல அதான்ணே வந்துச்சு" என்றாள்.

ஓடுவதற்கு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். உள்ளூர்க்காரி அம்சவள்ளி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். வரிசையின் அந்தக் கோடியில் தலையில் துணி கட்டி, மாஸ்க் போட்ட ஒல்லியான ஒரு பெண், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து காலை நீவிக்கொண்டிருந்தாள். நாசியா என்று மைக்கில் கூப்பிட்டபோது அவள்தான் கை தூக்கினாள்.

இளவரசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ணே. அந்த முதுகு."

"எந்த முதுகு?"

"அந்த முதுகுதாண்ணே!"

முதுகு திரும்பியது. இரண்டு மாஸ்க்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு ஃபஸீஹா மெதுவாக மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"நீ திருச்சிக்குப் போவல?" என்று கேட்டாள்.

"நீ போறேன்னு சொன்னாங்க. அதான் போவல. நீ?"

"நீ போறேன்னு உங்கம்மா சொன்னாங்க. அதான் இங்க வந்துட்டேன்."

"உன்கிட்ட எங்கம்மா எப்ப சொன்னாங்க?" என்றாள் இளவரசி.

ஃபஸீஹா ஏரிக்கரையைப் பார்த்தாள். "மொபைல் டவர் வைக்க எடம் வேணும்னு போன் பண்ணேன்."

"அடிப்பாவி. எங்கம்மா ரெண்டு நாளா டவர்காரன் வருவான்னு வாசல்லயே குந்திக்கினு இருக்காங்க!"

"நீ மட்டும் யோக்கியமா? எங்கம்மா கேஸ் அடுப்பைத் தொடச்சித் தொடச்சி வைக்கிறாங்க, ஒருவேளை நெஜமாவே வந்துட்டான்னா என்ன பண்றதுன்னு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் பிடித்துக்கொண்டதாகச் சொல்லி வரிசையை விட்டு விலகப் பார்த்தார்கள். இளவரசிக்கு இடது கால். ஃபஸீஹாவுக்கு வலது கால். அம்சவள்ளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, ஓடறதுன்னா ஓடுங்க, நிக்கறதுன்னா நில்லுங்க. நான் போயி மாடு கறக்கணும்" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் மைக்காரர் விசிலை ஊதிவிட்டார். கால்கள் இவர்களைக் கேட்கவில்லை, போய்விட்டன.

நான் எத்தனையோ மைதானத்தில் இவள் ஓடிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஓடினவள் வேறு ஒருத்தி. முதல் சுற்றில் ஃபஸீஹா முன்னால், இரண்டாவதில் இவள் முன்னால். மூன்றாவதில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தாளைச் சொருக முடியாது. காய்ந்த சேற்றுக்கட்டிகள் பின்னால் தெறித்துப் பறந்தன. அம்சவள்ளி இன்னும் முதல் சுற்றில் இருந்தாள். தன்னைத் தாண்டிப் போனவர்களை "மெதுவா, மெதுவா, விழுந்துடப் போறீங்க" என்று எச்சரித்தாள். யாருக்கும் தலையாட்ட இளவரசிக்கு நேரம் இல்லை. முடிகிற இடத்தில் கயிறு பிடித்த இரண்டு பையன்களும் பயந்துபோய்க் கயிற்றை விட்டு ஓடிவிட்டார்கள். அதனால் முதலில் வந்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

மைக்காரரிடம் ஓடினேன். "எவ்ளோ நேரம் ஆச்சு?"

"நேரமா? அது எதுக்குண்ணே? நாங்க கிரைண்டர்தான குடுக்கறோம்."

இளவரசி கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். ஃபஸீஹாவைப் பார்த்துக்கொண்டே கிளம்பியதில் பொத்தானை அமுக்க மறந்துவிட்டாள். ஃபஸீஹா அமுக்கியிருந்தாள். ஆனால் அந்த ஏரியை யார் அளந்தார்கள்? வருஷத்திலேயே நல்ல ஓட்டம், ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

இவர்களைத் தேடிப் போனால், ஒரு வேலமரத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அம்சவள்ளி நின்று இரண்டு முதுகையும் மாற்றி மாற்றித் தடவிக் கொடுக்கிறாள். இளவரசி நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

"ரெண்டு வருஷமாச்சுண்ணே நான் வாந்தி எடுக்கற அளவுக்கு ஓடி!"

"நான் மட்டும்? நானும்தான்" என்றது மரத்துக்கு அந்தப் பக்கம்.

கரையில், "குப்பம்மாள், நாசியா, இருவரும் மேடைக்கு வரவும், பேப்பருக்கு போட்டோ எடுக்கணும்" என்று கூப்பிட்டார்கள். போட்டோ என்றதும் இரண்டு பேரும் என் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த ஊரில் நிஜமாகவே ஒரு குப்பம்மாள் இருந்தார். அறுபது வயசுக்கு மேல். கூப்பிட்டார்களே என்று வந்தார். கிரைண்டரைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருந்தார்.

வண்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தபடி இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்டது.

"உனக்கு எத்தினி விநாடி இடிக்குது?"

"ரெண்டு."

"எனக்கு ஒண்ணரை. சென்னை மீட்தான் கடைசி. அதுக்கு மேல இந்த வருஷம் எதுவும் இல்ல. வர்றியா?"

"வருஷத்துக்கு ரெண்டு தரம்னு வச்சிருக்கேன். முடிஞ்சிபோச்சே."

"எனக்கும்தான் ரெண்டு. எனக்கும்தான் முடிஞ்சிபோச்சு."

பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம். பிறகு இளவரசியின் குரல்: "இன்னிக்கு ஓடினது கணக்குல வராது. இன்னிக்கு ஓடினது நாம இல்ல. சென்னையைத்தான் மூணாவதா வச்சிக்கணும், வர்றேன்."

சென்னை மீட்டுக்கு முதல் நாள் காலையில் என்னை வண்டியோடு கூப்பிட்டாள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட வேண்டுமாம். மயிலத்தில் இருக்கிறவள் சென்னைக்குப் போகத் திண்டிவனத்தில் ஏற வேண்டும். விழுப்புரம் நேர் எதிர்த் திசை. "திண்டிவனத்துக்கு வர்றப்போ பஸ்ஸு ரொம்பிடும்ணே. கெளம்புற எடத்துல ஏறினாத்தான் சீட்டு" என்றாள். சரிதான், அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் பையை வைத்தாள். நான் கீழே ஜன்னலடியில் நின்றேன். பேருந்து நிரம்ப ஆரம்பித்தது.

கண்டக்டர் வந்தார். "யாரும்மா இங்க? பையை எடு."

"ஆளு வருதுங்க."

"எங்க, டீ குடிக்கவா போயிருக்காங்க?"

"திண்டிவனத்துல ஏறுவாங்க. கோட்டக்குப்பத்துலேர்ந்து வர்றாங்க."

"கோட்டக்குப்பத்துலேர்ந்து மெட்ராஸுக்கு ஈ.சி.ஆர்ல நேரா பஸ்ஸு இருக்கே! அத்த வுட்டுட்டு எதுக்குத் திண்டிவனம் வர்றாங்க? அவுங்களுக்கு விழுப்புரத்துலேர்ந்தே சீட்டு வேற. இன்னா, கலெக்டரா?"

"இல்லங்க. என்னிய தோக்கடிக்கிறவ."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்குள் ஒரு கனத்த மனிதர், பலாப்பழம் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து, இளவரசியின் பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு உட்காரக் குனிந்தார்.  இளவரசி பையைத் திறந்து ஓட்டத்துக்குப் போடுகிற ஷூவை எடுத்தாள். இரண்டையும் அந்த சீட்டில் கவிழ்த்து வைத்தாள், அடியில் இருக்கிற ஆணியெல்லாம் மேலே பார்க்கிற மாதிரி.