பெரட்டில் அழுத அண்ணன்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்குக் கூடியிருக்கும் சொந்தங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை சொல்வது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் அழகாக மாற்றட்டும், குறைக்க மட்டும் கூடாது.

அண்ணன் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார், பிறகு கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணியானார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவரும் அவர்தான். மாப்பிள்ளைக்கு விவரம் போதாது, அது வேறு கதை. அண்ணன் பாடினால் சர்ச் தகரமே அதிரும்.

இதெல்லாம் எழுதலாம், ராசம்மா கதை வேண்டாம் என்கிறான் அண்ணன் மகன். அது இல்லாமல் அண்ணன் ஏது?

ஒரு சாயந்திரம், ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று, கொழுந்துச் சாக்குகளை மூடாமல் ரோட்டோரம் விட்டுவிட்டு அண்ணன் ஓடினார். மழையில் அத்தனையும் வீணாகிவிட்டது. மறுநாள் காலை, வேலைக்குப் பிரிக்க எல்லோரையும் நிறுத்தும் பெரட்டில், தோட்டத்துத் துரை காரணம் கேட்டார். அண்ணன் சொன்னார்:

"ராசம்மாவ காவலுக்கு வச்சேங்க. அவ பாட்டுக்குப் போயிட்டா."

பச்சைப் பொய். அண்ணனுக்குக் கீழே கொழுந்து பறித்த ராசம்மாவை அத்தனை பேர் முன்னாலும் வேலை இல்லையென்று துரத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அண்ணன் முழங்காலில் நின்று சத்தம் போட்டு அழுவார். என்ன உருக்கம் என்று சபையே மெச்சும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டாரு தங்கச்சி. மனசு லேசாயிருச்சு."

"ஒங்களுக்கு லேசாயிருச்சு. ராசம்மாவுக்கு?"

"அவ சாமி வேற. அவளுக்கு இதெல்லாம் புரியாது."

"பொய்யி புரியும்ல?"

அதோடு பேச்சு நின்றது. ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்தோம். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைத் தட்டோடு திருப்பி அனுப்பினேன். கொக்கிஸ் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

போன வருஷம், அண்ணனுக்கு இனி வைத்தியம் இல்லையென்று ஆஸ்பத்திரியில் கைவிட்டார்கள். பாஸ்டர் திருவிருந்து கொண்டு வந்து அப்பத்தை நீட்டினார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"ராசம்மாவ இங்க கூட்டிட்டு வா புள்ள. மன்னிப்புக் கேக்கணும்."

"பெரட்டுல சொன்ன பொய்ய படுக்கையில கழுவப் போறீங்களோ?"

"பெரட்டு வரைக்கும் நடந்தா செத்துருவேன்."

"சொல்லிட்டுச் சாவுங்க."

மறுநாள் காலை அவரை நாற்காலியோடு பெரட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே பனி. கூடைகளோடு பெண்கள் நின்றார்கள், பிற்பாடு திரும்ப வேலைக்குச் சேர்ந்திருந்த ராசம்மாவும் நின்றாள். அண்ணன் எழுந்தார்.

"கொழுந்த மழையில விட்டவன் நாந்தான். ராசம்மா மேல பொய் சொன்னேன்."

பிறகு அழுதார். சர்ச்சில் அழும் அழுகை இல்லை. சத்தமே வரவில்லை, மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூட இல்லை. அந்த அழுகையைத்தான் நான் நம்பினேன்.

ராசம்மா கூடையை இறக்கவில்லை. "கேட்டுச்சு கங்காணி. மன்னிச்சேன்னு சொல்ல வாய் வரல. ஊட்டுக்குப் போங்க, பனி கொட்டுது."

"எங்கப்பா சாகப் போறாரு, இவளுக்கு இம்புட்டுத் திமிரா?" என்று பாய்ந்தான் மகன்.

"வாய மூடுடா. அவகிட்ட கேட்டு வாங்குற பொருளா அது?" என்றார் அண்ணன்.

அன்று அப்பத்தை வாங்கிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். சாவுக்கு ராசம்மா வரவில்லை. நான் அழுதேன், ஆனால் உள்ளே சந்தோஷம். இப்போதும் அப்படித்தான்.

காத்திருந்த பாஸ்டருக்கும், நாற்காலி தூக்கியவர்களுக்கும், வாய் வராததை வந்ததாகச் சொல்லாத ராசம்மாவுக்கும் நன்றி. இதை அச்சுக்குக் கொடுக்குமுன், "ஒன் பேரப் போடவா?" என்று அவளிடம் கேட்டேன்.

"போடு. அன்னைக்கு பெரட்டுக்கு வராதவங்களுக்கும் தெரியட்டும்."