சிவப்புக் கோட்டுக்கு மேலே

இடியக்கா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பெயருக்குக் காரணம் வானம் அல்ல, அவள் தொண்டை. இருபத்தாறு வருஷம் நாலு மோட்டார்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவளுக்குக் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்கும்படி பேசினால் தெருவுக்கே கேட்கும். ரகசியம் சொல்ல யாரும் அவளைத் தேடி வந்ததில்லை.

பம்ப் ஹவுஸைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் வந்தாள். அப்போதிருந்த ஆபரேட்டர் பாதி நாள் வரமாட்டார். வந்த நாளில் தூங்குவார். மோட்டார் எப்போது காற்றை இழுக்கிறது, எந்த பேரிங் சூடேறுகிறது என்பதையெல்லாம் கையில் துடைப்பத்தோடு நின்றே கற்றுக்கொண்டாள். ஒரு மழையில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவளே வால்வைத் திருப்பி ஊரைக் காப்பாற்றினாள். அவருக்கு நல்ல ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது, இவளுக்கு அவருடைய ஸ்டூல் கிடைத்தது. அதிகாரிகளின் நியாயம் அப்படி.

வேலை இதுதான். பள்ளத்துத் தெருக்களில் விழும் மழைத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அது பம்ப் ஹவுஸ் தொட்டிக்கு வரும். மோட்டார்கள் அதை உறிஞ்சிக் கால்வாயில் தள்ளும். கால்வாய்ச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தாழ்வான எதிர்க்கரை வழியும். எதிர்க்கரையில்தான் அவள் தம்பியின் வெல்டிங் பட்டறையும் வீடும் இருந்தன.

அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவள்தான் வளர்த்தாள். வளர்ந்ததும் அவளோடு சண்டை போடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்குப் போவாள். டிவியில் மழைச் செய்தி வந்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

"குளிர்காலத்துல இப்படியொரு மழையை நீ பார்த்திருக்கியாடா? காலமே மாறிப்போச்சு. புகையை விட்டு விட்டு வானத்தையே கெடுத்து வச்சிருக்கோம்."

"புகையாவது மண்ணாவது! மழை எப்பவும் போலத்தான் பெய்யுது. சாக்கடையைத் தூர்வார மாட்டீங்க, மோட்டாரைக் கண்டபடி ஓட்டுவீங்க, பழியை மட்டும் வானத்து மேல போடுவீங்க."

தம்பி பெண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று வருஷம். கட்டிலைவிட்டு இறங்க முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "வானத்தை அப்புறம் ரிப்பேர் பண்ணிக்கலாம். சாப்பாடு ஆறுது, வாங்க ரெண்டு பேரும்" என்பாள். அவள் சொன்னால்தான் இருவரும் வாயை மூடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்துப் புயல் மூன்று நாள் ஆடியது. காற்று கூரைத் தகரங்களைப் பிய்த்து வீசியது. ஒரு தகரம் பறந்து வந்து பால்காரர் கழுத்தில் இறங்கியது. தையல்கடைக்காரர் இடிந்து விழுந்த சுவருக்கு அடியில் போனார். மூன்றாம் நாள் விடியும்போது பள்ளத்துத் தெருவிலிருந்த இடியக்காவின் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். மார்பளவு தண்ணீரில், குளிரில் பல் கிட்டித்துப்போக, அவள் வேலைக்கு நடந்து வந்தாள். வழியெல்லாம் மேஜை மேல் நிற்கும் பெண்கள், அவர்கள் தலைக்கு மேலே பிள்ளைகள். "இடியக்கா, எப்படியாவது தண்ணியை இறக்கு!" என்று கத்தினார்கள்.

காலை பத்தே காலுக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மேலதிகாரியான இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்றார் அவர். லைன் கட்டாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் பள்ளத்துத் தெருக்களின் முந்நூறு தகரக் கூரைகளும் முழுகும். ஓட்டினால் எதிர்க்கரையில் ஏறும். அங்கே எல்லாம் மாடி வீடுகள், ஏறித் தப்பித்துவிடுவார்கள். ஒருத்தியைத் தவிர. இடியக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், தண்ணி கோட்டைத் தொட்டுடுச்சு. நான் மோட்டாரை நிறுத்தப் போறதில்ல. அரை மணி நேரத்துல உன் தெருவுக்கு வந்துடும். அவளை மாடிக்குத் தூக்கு. இப்பவே தூக்குடா."

"பார்த்தியா! நான் சொன்னேன்ல, எல்லாம் உன் மோட்டார்தான்னு!" என்றான் அவன். மேலே அவள் பேசுவதற்குள் வைத்துவிட்டான்.

ஓய்வில் இருந்த நாலாவது மோட்டாரையும் அவள் போட்டாள்.

இருபது நிமிஷத்தில் கதவு உடைந்து உள்ளே விழுந்தது. தம்பி கடப்பாரையோடு நின்றான். பின்னால் பட்டறை ஆட்கள் இரண்டு பேர்.

"நிறுத்து அக்கா!"

"அவளைத் தூக்கிட்டியா?"

"நீ நிறுத்துனா எதுக்குத் தூக்கணும்? உன் வீட்டைக் காப்பாத்த என் பொண்டாட்டியைக் கொல்லப் பார்க்கறியா?"

"என் வீடு விடியக்காலையிலேயே போயிடுச்சுடா! போடா, போய் அவளைத் தூக்கு!"

அவன் பேனல் கண்ணாடியில் கடப்பாரையை இறக்கினான். நெருப்புப் பொறி பறந்தது. அடுத்த அடி அவள் விலாவில் விழுந்தது. அவள் சுருண்டு விழுந்தாள், அதே வேகத்தில் எழுந்தாள். ஆட்களில் ஒருவன் அவள் தலைமயிரைப் பிடித்து இரும்புக் குழாயில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் வழிந்தது. அவன் கையைச் சதை பிய்யக் கடித்து விடுவித்துக்கொண்டாள். தம்பி மெயின் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினான். முழ நீள ஸ்பானர் எப்படி அவள் கைக்கு வந்ததென்று அவளுக்கே தெரியாது. தம்பியின் முழங்கைக்குக் கீழே இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பாதி போன அவள் காதுக்கும் கேட்டது. தான் சோறூட்டிய பிள்ளை தரையில் கிடந்து அலறுவதைப் பார்த்துக்கொண்டே ஸ்விட்சுக்கு முன்னால் நின்றாள்.

"தொட்டா மண்டை பிளந்துடும்! யாரா இருந்தாலும் சரி!"

அதற்குள் வாசலில் நின்றவன் கத்தினான். "அண்ணே, உங்க தெரு!"

எதிர்க்கரை வழிய ஆரம்பித்திருந்தது. தம்பி முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். கரை பத்தடி நீளத்துக்குப் பெயர்ந்து விழ, தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்தது. கூட வந்தவர்கள் அவரவர் வீட்டைப் பார்க்க ஓடிவிட்டார்கள். அவன் வாசலுக்குப் போனபோது இடுப்பளவு தண்ணீர் கதவை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு கையால் தள்ளினான், தோளால் இடித்தான், அசையவில்லை. உள்ளே அவன் பெண்டாட்டி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் இறங்கி வந்து உடைத்தபோது குரல் நின்றிருந்தது.

பள்ளத்துத் தெருக்களில் அன்று மதியம் தண்ணீர் ஓரடி இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை.

ஐந்தாம் நாள், நிவாரண முகாமாக்கிய பள்ளிக்கூடத்துக்கு இன்ஜினியர் டிவிக்காரர்களை அழைத்து வந்தார். தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த இடியக்காவிடம் குனிந்தார்.

"வரலாறு காணாத மழை, பருவநிலை மாற்றம், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியலன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

எதிர் பெஞ்சில் மாவுக்கட்டோடு தம்பி இருந்தான். அன்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. "இதுக்கெல்லாம் காரணம் பருவநிலை மாற்றம்தானேம்மா?"

வருஷக்கணக்காக அவள் தொண்டை கிழியச் சொன்ன பதில். 'ஆமாம்' என்றால் போதும், தப்பித்துவிடலாம். அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"மழை பொல்லாத மழைதான். வானத்தைக் கெடுத்தது நாமதான், அதை நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தத் தண்ணி எந்தத் தெருவுல ஏறணும்னு முடிவு பண்ணது நான். சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஓட்டினேன். என் தம்பி பொண்டாட்டி அதுலதான் செத்தா."

இன்ஜினியர் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். தம்பிக்குப் போன் பண்ணியதையும் அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

தம்பி எழுந்து வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தாள், முகத்தைத் திருப்பவில்லை. அவன் நல்ல கையால் மைக்கைப் பிடுங்கினான்.

"பாதியைத்தான் சொல்றா. தண்ணி வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போன் பண்ணா. அவளைத் தூக்கு, அவளைத் தூக்குன்னு கத்தினா. நான் கடப்பாரையைத் தூக்கிட்டு வந்தேன்."