பத்தொன்பதாம் இணைப்பு

இது சத்தியமாக நடந்தது. எனக்கு இல்லை, என் அக்கா புருஷனுக்கு.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அத்தானுக்குக் கதை கட்டத் தெரியாது. அதற்கு அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு நிமிஷமாவது யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவர் வேலை இதுதான். ஒரு கம்பெனியில் பத்து சிஸ்டம் இருந்தால், ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து, இங்கே கேட்டதை அங்கே சொல்லும். அந்த வெப் சர்வீஸ் இணைப்புகளை டெஸ்ட் செய்து, பேசாததைப் பேச வைப்பவர் அத்தான். கெட்டிக்காரர்தான். ஆனால் கெட்டிக்காரத்தனத்தைவிட வாய் நீளம். அவர் கண்ணுக்கு உலகமே அரைவேக்காடு. என்னையும் சேர்த்து.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. மீனையும் இறைச்சியையும் உறைய வைத்துக் காக்கும் ஒரு பெரிய கிடங்கு. பழைய சர்வரை நிறுத்திப் புதியதற்கு மாற வேண்டும். கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர். அத்தானும், அந்த அறையின் பொறுப்பாளரான ஓர் அம்மாவும்.

மொத்தம் முப்பத்தொரு இணைப்புகள். முப்பது பச்சை காட்டின. பத்தொன்பதாவதற்குப் பெயரே இல்லை. மறுமுனையில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் இல்லை.

"இது எங்க போகுது?"

"தெரியாது சார். அதை மட்டும் தொடாதீங்க."

"ஏன்?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க."

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

"யாரோ சொன்னாங்க, நீங்களும் கேட்டுட்டீங்க. சம்பளம் மட்டும் மாசாமாசம் வாங்கிடுவீங்க, இல்ல?"

அந்தம்மா முகம் சுண்டிப்போனது.

அத்தான் ஒரு டெஸ்ட் அனுப்பினார். செத்துப்போன இணைப்பு, பதில் வராது என்றுதான் நினைத்தார்.

வந்தது.

குளிர் அறை 4. வெப்பம் மைனஸ் 22. கதவு மூடியுள்ளது. உள்ளே 1. அழைப்பு 38.

"எத்தனை குளிர் அறை இருக்கு?"

"மூணு சார்."

"நாலுன்னு வருது. எண்ணக்கூட ஆள் இல்லையா இங்க?"

அப்புறம் நேரத்தைப் பார்த்தார். கேள்வி போனது 11:42:09. பதில் வந்தது 11:42:08. கேட்பதற்கு ஒரு நொடி முன்பே பதில்.

"கடிகாரத்தைக்கூடச் சரியா வைக்கல" என்று முணுமுணுத்தார்.

மறுபடி அனுப்பினார். அழைப்பு 39. மறுபடி. அழைப்பு 40.

டொம்.

சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது சத்தம். அந்தம்மா எழுந்துவிட்டார்.

"சார்... நான் வெளியில இருக்கேன்."

"தாராளமா போங்க. இருந்தும் பிரயோஜனமில்ல."

12:07-க்கு அவர் வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இந்தக் கம்பெனிப் பயல்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று அத்தான் முடிவு கட்டினார். பழைய சர்வரின் கேபிளைப் பிடுங்கினார். இனி எங்கிருந்தும் எதுவும் வர வழியில்லை.

திரையில் ஒரு வரி விழுந்தது.

அழைப்பு 41.

டொம்... டொம்...

இந்த முறை சுவரிலிருந்து இல்லை. தரைக்கு அடியிலிருந்து.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். இல்லை, 'யாரது' என்றாவது கேட்டிருப்பார்கள். அத்தான் அப்படியெல்லாம் கேட்கிற ஆளா? பத்தொன்பதாம் இணைப்பைத் தேர்ந்தெடுத்தார். 'அழி' என்பதை அழுத்தினார்.

மணி 12:13.

வரிசையில் இணைப்பு மறைந்தது. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

க்ளிக்.

கதவு பூட்டிக்கொண்ட சத்தம்.

திரையில் இன்னொரு வரி.

உள்ளே 1. அழைப்பு 0.

கதவருகே ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் பூட்டு விடும். அழுத்தினார். விடவில்லை.

அழைப்பு 1.

ஏசியின் இரைச்சல் திடீரென்று கூடியது. சுவரில் வெப்பம் காட்டும் சின்னப் பெட்டி. 21... 14... 6...

போனை எடுத்தார். சிக்னல் இல்லை.

கதவைத் தட்டினார். கத்தினார். "ஏம்மா! யாராவது இருக்கீங்களா?"

அழைப்பு 9.

மூச்சு வெள்ளையாக வந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பொத்தானை உள்ளங்கையால் அடித்தார்.

அழைப்பு 26.

மைனஸ் 3...

மைனஸ் 11...

கதவோடு சரிந்து உட்கார்ந்தார். யாராவது... யாராவது...

அழைப்பு 40.

கையைத் தூக்கவே முடியவில்லை. தலையால் முட்டினார்.

அழைப்பு 41.

அமைதி.

க்ளிக்.

கதவு திறந்தது.

நடைபாதையில் யாரும் இல்லை. அத்தான் தவழ்ந்து வெளியே வந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டு அந்தம்மா ஓடி வந்தபோது, அவர் புருவத்திலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

"நான் கத்தினது கேக்கலையா?"

"பக்கத்து அறையிலதான் சார் உக்காந்திருந்தேன். ஒரு சத்தமும் வரலையே."

இரண்டு நாள் காய்ச்சல். அக்காதான் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தம்மா வீடு தேடி வந்து ஒரு தாளை நீட்டினார். கம்ப்யூட்டர் அறைக் கதவு எப்போது, யாரால் திறந்தது என்ற பதிவு.

12:31:06. கதவைத் திற. அனுப்பியது: குளிர் அறை 4.

அத்தான் இணைப்பை அழித்துப் பதினெட்டு நிமிஷம் கழித்து.

அன்று சாயங்காலமே அந்தத் தாளோடு, கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற குளிர்பதன ஃபோர்மேனைப் பார்க்கப் போனார் அத்தான். நானும் கூடப் போனேன். மனுஷர் தனியாகப் போகப் பயந்தார். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஃபோர்மேன் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார். நாலாவது அறை ஒன்று இருந்ததாம். ஆறு வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மெக்கானிக் உள்ளே மாட்டிக்கொண்டான். உதவிப் பொத்தானை நாற்பத்தொரு தடவை அழுத்தினான். ஒவ்வொன்றும் சர்வருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் இணைப்பை யாரோ டெஸ்ட் நிலையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காவலாளிக்குப் போக வேண்டிய மணி அடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை, வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் அந்த நாற்பத்தொன்றையும் பார்த்தார். டெஸ்ட் குப்பை என்று மொத்தமாக அழித்தார். அதற்கும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அறையைத் திறந்தார்கள். பிறகு அறையை இடித்து, அதே இடத்தில் கம்ப்யூட்டர் அறையைக் கட்டினார்கள்.

 

ஃபோர்மேன் தாளை மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது தப்பு சார். அந்த இணைப்பு கூப்பிட மட்டும்தான் செய்யும். கதவத் திறக்கிற வசதிய அதுல வைக்கவே இல்ல. வச்சிருந்தா... அவன் பொழச்சிருப்பானே?"