தபால்தலை அளவு வக்கீல் போர்டு

ஒரு காபி ஓட்டலின் பெயர்ப்பலகையில் விளக்கு எரிந்ததைப் பார்த்து நான் கண் கலங்கியிருக்கிறேன். ஓட்டல் தீப்பெட்டி உயரம். பலகை தபால்தலை அளவு. எனக்கு அப்போது வயது ஆறோ ஏழோ என்று நினைத்து மன்னித்துவிடாதீர்கள். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வாடகை கொடுத்துத் தங்கியிருந்த, மீசை முழுசாக முளைத்த ஆள்.

அந்த ஓட்டல் இருந்த ஊர், மயிலாப்பூரில் என் அக்கா வீட்டு மாடி அறையில், ஒரு பெரிய மரப்பலகையின் மேல் இருந்தது. கட்டியவர் அத்திம்பேர், அக்காவின் கணவர். ஆபீஸ் பயிற்சிக்கென்று வெளிநாடு போனவர், மற்றவர்களைப்போல் டிரான்சிஸ்டரும் நைலான் புடவையும் வாங்கி வராமல், ஒரு பொம்மை ரயிலையும் ஒரு டப்பா நிறையக் கோதுமைமணி அளவு பல்புகளையும் வாங்கி வந்தார். ரயில் ஓடத் தண்டவாளம், நிற்க ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஓர் ஊர் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த அறை நிரம்பியது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக வந்துகொண்டிருந்த என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற குற்றத்துக்காக, போர்டு எழுதப் பிடித்துப் போட்டார்.

வேலை சுலபமில்லை. டிரேசிங் தாளில் எழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பு மை பூச வேண்டும். பின்னால் கலர் ஜெலட்டின் தாள், அதற்கும் பின்னால் பல்பு, பல்பின் முதுகில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள். முதல்முறை ஸ்விட்சைப் போட்டபோது போர்டு மட்டுமல்ல, அட்டைச் சுவர் முழுக்கக் காகிதக் கூண்டு விளக்கு மாதிரி ஒளிர்ந்தது. பிரித்து, சுவரின் உட்புறத்தில் கறுப்புப் பூசினோம். வயர் வெளியே தெரியக் கூடாதே? தீர்ந்துபோன பேனா ரீஃபிலைக் கழுவி, மழைநீர்க் குழாய் மாதிரி சுவரோரம் ஒட்டி, அதற்குள் இறக்கினோம். அந்த யோசனை என்னுடையது. இன்றும் பெருமையாக இருக்கிறது, அதுதான் வெட்கக்கேடு. இருப்பதிலேயே மெல்லிய வயர் வேண்டும் என்று நான் அடிக்கடி போய் நின்ற லஸ் எலக்ட்ரிக் கடைக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, "இன்னா சார், எறும்புக்கு ஓட்டல் கட்டிக்கினு கீறியா?" என்றார்.

அத்திம்பேருக்கு ஒரு வாசகம் உண்டு. "போர்டு இல்லாத ஊர் ஊரே இல்லைடா. வெளிச்சமா ஒரு பேர் இருந்தாத்தான் உள்ள மனுஷா இருக்கான்னு தெரியும்." டாக்டர், சைக்கிள் கடை, சலூன் என்று எல்லோருக்கும் பெயர் வைத்தார், எல்லோருக்கும் விளக்குப் போட்டார்.

அதே வீட்டின் பரணில், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே, பழைய பேப்பரில் சுற்றிய பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று கிடந்தது. அக்கா பி.எல். முடித்து வக்கீலாகப் பதிவு செய்துகொண்டபோது எங்கள் அப்பா ஆர்டர் கொடுத்துச் செய்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு சீனியரிடம் சில காலம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு போனாள். பிறகு மயிலாப்பூர். வாசலுக்கு வாசல் வக்கீல் போர்டு தொங்குகிற அந்தத் தெருக்களில் அவளுடையது மட்டும் தொங்கவில்லை. போர்டு இல்லாவிட்டால் எந்தக் கட்சிக்காரர் வந்து கதவைத் தட்டுவார்? வாசலில் அதை மாட்ட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அத்திம்பேர் மறுக்கவே மாட்டார். அந்த மனிதரிடம் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம் அதுதான். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "பேஷா மாட்டலாமே, தை பொறக்கட்டும்" என்பார். தை பிறக்கும். "கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு மாட்டிடுவோம்" என்பார். ஸ்டேஷன் கூரைக்குத்தான் பெயிண்ட் அடித்தார்.

அந்த வருஷ நவராத்திரிக்கு ஊரைக் கீழே இறக்கி, கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் வைப்பதாக ஏற்பாடு. "ஸ்டேஷன் பக்கத்து மாடி வீடு காலியா இருக்கு பாரு. ஒரு வக்கீலைக் குடி வெச்சுடலாம். ஏதாவது ஒரு பேர் போடு. பி.ஏ., பி.எல்.னு மறக்காம எழுது" என்றார். கீழேயிருந்து ரசம் தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. தாளித்துக்கொண்டிருந்தவள் பி.ஏ., பி.எல். கோபத்தில் எழுதினால் எழுத்துக் கோணும் என்பார்கள்; பொய். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக எதையும் எழுதியதில்லை. அக்காவின் பெயரை எழுதினேன். பச்சை ஜெலட்டின் வைத்து, அவருக்குக் காட்டாமல் மாட்டினேன்.

புரட்சி செய்துவிட்டதாக நினைப்பு. நாலு பேர் முன்னால் விளக்கு எரியும், மனிதர் தலைகுனிவார், மறுநாளே பித்தளைப் பலகை பரணை விட்டு இறங்கும். முதல் நாள் மாலை சுண்டலுக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி குனிந்து படித்தாள். "அடடே, நீங்க வக்கீலா? சொல்லவே இல்லையே!" அக்கா என்னைத்தான் பார்த்தாள். அத்திம்பேரும் குனிந்து படித்தார். ஒரு கணம் முகம் சுண்டியது. பிறகு சிரித்தார். "பார்த்தேளா மாமி? போர்டு வேணும், போர்டு வேணும்னு கேட்டுண்டே இருந்தா. லைட்டோடயே போட்டுக் குடுத்துட்டேன்!" கூடம் முழுக்கச் சிரித்தது.

கொலு முடிந்து ஊர் மாடிக்குத் திரும்பிய பிறகும் அந்த வக்கீலை அவர் காலி செய்யவே இல்லை. வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போய், தன் பரந்த மனசுக்குச் சாட்சியாக அந்தப் பச்சை விளக்கைப் போட்டுக் காட்டினார். பல்பு ஃபியூஸ் போனால் மாற்றியது யார்? அடியேன்தான். அக்கா அப்புறம் வாசல் போர்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எடுத்தால், 'அதான் போட்டாச்சே' என்ற பதில் தயாராக இருந்தது. என் புரட்சி அவள் வழக்கை முடித்தே வைத்தது, எதிர்த்தரப்புக்குச் சாதகமாக.

அத்திம்பேர் காலமாகிவிட்டார். வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாசலில் குடியிருப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். அக்கா இருக்கும் வீட்டுக்கு நேராக அத்திம்பேர் பெயர். செத்த மனிதருக்குப் போர்டு இருக்கிறது.

சென்ற வாரம் அக்காவிடம் போய், இதையெல்லாம் எழுதப்போகிறேன், அந்த மனிதரைச் சும்மா விடுவதாக இல்லை என்று பொரிந்து தள்ளினேன். அவரைக்காய் நார் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நன்னா எழுது" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லுடா. வாரா வாரம் சுத்தியலும் கையுமா அந்த ஆத்துலதானே இருந்தே? பரண்லேர்ந்து அதை இறக்கி ரெண்டு ஆணி அடிச்சிருக்கப்படாதோ? எதுக்குடா அத்தனை வயர் இழுத்தே?"