கௌரியின் ஒற்றைப்பூண்டு

உழவர் குழுப் பதிவேட்டில் மஞ்சக்குட்டை கௌரி ‘இணக்கமானவர், வியாபாரிகளிடம் நல்லுறவு பேணுபவர்’. எழுதியவர் அவரை நேரில் பார்த்ததில்லை போலும்.

சென்ற வருடம் ஏற்காட்டுக் கடைக்காரர் ரஞ்சித் விதைப்பூண்டைத் தாமதமாகக் கொடுத்தார். குளிர் தவறி நட்டதெல்லாம் பல் பிரியாமல் ஒற்றையாகவே விளைந்தது. அந்த விளைச்சலை வாங்கிக்கொள்ளவும் அவரே வந்தார்.

“ஏனுங்க, ஒத்தைப்பூண்டு நெஞ்சுவலி மருந்துங்க. டூரிஸ்டுங்க அள்ளிட்டுப் போவாங்க. ரெட்டை வெலை தர்றனுங்க.”

“எம் வெள்ளாமைய நாசம் பண்ணிப்போட்டு அத மருந்துங்கறீங்களா? வரப்ப உட்டு எறங்குங்க!”

“நொம்பப் பேசறீங்க. அடுத்த தடவ வெதைக்கு எங்க போவீங்க?”

“இத நட்டா அடுத்த வெள்ளாமைல பல்லு வெக்கும். உங்க கடைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டனுங்க.”

அடித்து விரட்டும் கோபத்திலும் கௌரியின் பேச்சில் அந்த ‘ங்க’ மட்டும் குறையவில்லை.

கௌரி ஒரு பூண்டைக்கூட விற்கவில்லை. அடுத்த பருவத்தில் அத்தனையையும் விதையாக நட்டார்.